மாணவர் ஊழியக் குழுவின் ஆண்டறிக்கை

கிறிஸ்துவுக்குள் அன்பான தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இந்த ஊழியத்தை ஜெபத்தில் தாங்கிவரும் குடும்பங்களுக்கும், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவ மாணவிகளுக்கும் என் அன்பின் ஸ்தோத்திரம்.

சென்ற ஆண்டு என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்த அதே கூட்டத்தில், மூத்த சகோதரர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "நாம் கல்லூரிப் பிள்ளைகளிடம் என்ன சொல்கிறோம் என்று நமக்குத் தெரியும். அவர்கள் நம்மிடம் என்ன கேட்கிறார்கள் என்று இங்கே யாருக்காவது தெரியுமா?" யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கும் தெரியவில்லை. இந்த ஆண்டு நடந்தது எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கியது.

ஆண்டின் தொடக்கத்தில் வழக்கம்போல ஒரு பெரிய கூட்டம் நடத்தினோம். பாடல்கள் நன்றாக இருந்தன, செய்தியும் நன்றாக இருந்தது, அரங்கமும் நிறைந்தது. ஆனால் வந்தவர்களில் பெரும்பாலானோர் நம் சபைகளைச் சேர்ந்தவர்களே. யாருக்காக அழைப்பிதழ் அச்சிட்டோமோ அவர்களில் மிகச் சிலரே வந்தார்கள், அவர்களும் கூட்டம் முடிந்ததும் போய்விட்டார்கள். கைப்பிரதிகள் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள். அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. கூட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூட்டத்தோடு நம் வேலை முடிந்துவிட்டது என்று இத்தனை நாள் நினைத்துவிட்டோம் என்பதே என் வருத்தம்.

அதன்பின் செயற்குழு கூடி, மாற்கு சுவிசேஷத்தைச் சிறு குழுக்களாக வாசிப்பது என்று முடிவு செய்தது. நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது, மொத்தம் 16 அதிகாரங்கள். கிறிஸ்தவப் பின்னணியே இல்லாத ஒரு மாணவர்கூட ஒரு பருவத்துக்குள் படித்து முடித்துவிடலாம். சில ஒழுங்குகளும் வைத்தோம். நடத்துகிறவர் பிரசங்கம் செய்யக்கூடாது. பகுதியை இரண்டு முறை சத்தமாக வாசிக்க வேண்டும். "இதில் நீங்கள் என்ன கவனித்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருக்க வேண்டும். நம்பாதவர் "நான் நம்பவில்லை" என்று தாராளமாகச் சொல்லலாம், யாரும் முகம் சுளிக்கக்கூடாது. கல்லூரி வளாகத்துக்குள் என்றால் நிர்வாகத்தின் அனுமதி வாங்கிய பிறகே கூட வேண்டும். உதவி, சலுகை என்று எதையும் காட்டி யாரையும் அழைக்கக்கூடாது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அமைதியாக இருப்பது எங்களுக்கு எவ்வளவு கடினம் என்பது முதல் வாரமே தெரிந்துவிட்டது.

ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் அதிகாரம். கூரையைப் பிரித்து ஒரு திமிர்வாதக்காரனை இறக்குகிறார்கள். அவனிடம் இயேசு முதலில் சொல்வது, உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்பது. ஒரு மாணவி சட்டென்று, "நடக்க முடியாதவனிடம் போய் முதலில் பாவத்தைப் பற்றிப் பேசுவது கொடுமையாக இல்லையா?" என்று கேட்டார். நடத்திய சகோதரியிடம் பதில் தயாராக இருந்தது. ஆனாலும் சொல்லாமல், "இன்னொரு முறை வாசிக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். வாசித்தார்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அந்த மாணவியே பேசினார். அவருடைய தம்பி பல ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறான். உறவினர் சிலர் அதைக் குடும்பத்தின் பாவம் என்று சொல்லிச் சொல்லியே அவருடைய அம்மாவை உடைத்துவிட்டார்கள். அந்தக் கேள்வி அங்கிருந்து வந்தது. அந்தச் சகோதரி தன் பதிலை முதலிலேயே சொல்லியிருந்தால், உறவினர் சொன்னதோடு இதுவும் ஒன்றாகப் போயிருக்கும். அந்த மாணவி இன்னும் விசுவாசத்துக்கு வரவில்லை. ஆனால் ஒரு வாரமும் தவறவில்லை. தம்பிக்காக ஜெபிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஜெபித்து வருகிறோம்.

"சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு" சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று 1 பேதுரு 3:15 சொல்கிறது. உத்தரவு என்றால் இங்கே பதில். யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதும் அந்த வசனத்திலேயே இருக்கிறது: "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்." கேட்கிற அளவுக்கு ஒருவர் நம்மை நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க நாள் ஆகும்.

இந்த ஆண்டின் மிகக் கடினமான கேள்வி மாற்கின் கடைசிப் பக்கத்தில் காத்திருந்தது. பொறியியல் மாணவர் ஒருவர், தன்னிடமிருந்த பதிப்பின் அடிக்குறிப்பைக் காட்டி, "16ஆம் அதிகாரத்தின் 9 முதல் 20 வரை பழைய பிரதிகளில் இல்லை என்று போட்டிருக்கிறதே, இதை ஏன் நீங்கள் சொல்லவில்லை?" என்று கேட்டார். குழுவை நடத்திய தம்பி அன்றிரவே என்னைத் தொலைபேசியில் அழைத்தார். குரலில் பதற்றம். எனக்கும் கொஞ்சம் பதற்றம்தான். மழுப்பிவிடலாம் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வேத இறையியல் படித்த போதகர் ஒருவரிடம் போய் உட்கார்ந்தோம். அவர் நிதானமாக விளக்கினார். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வேதாகமக் கையெழுத்துப் பிரதிகளான சினாய்ப் பிரதி, வத்திக்கான் பிரதி இரண்டிலும் மாற்கு 16:8உடன் முடிகிறது, வேறு ஏராளமான பிரதிகளில் 20ஆம் வசனம் வரை தொடர்கிறது. உயிர்த்தெழுதலின் செய்தி அந்த 12 வசனங்களை மட்டும் நம்பி நிற்கவில்லை. கல்லறை வெறுமையாயிருந்ததும் "அவர் உயிர்த்தெழுந்தார்" என்ற அறிவிப்பும் 8ஆம் வசனத்துக்கு முன்பே வந்துவிடுகின்றன. மற்ற சுவிசேஷங்களும் பவுலின் நிருபமும் அதற்குச் சாட்சியாக நிற்கின்றன.

அடுத்த வாரம் இதை அப்படியே சொன்னோம், எதையும் மறைக்கவில்லை. அந்த மாணவர், "சுற்றி வளைப்பீர்கள் என்று நினைத்தேன். நேராகச் சொன்னதால் மற்றதையும் கேட்கத் தோன்றுகிறது" என்றார். பிறகு கேட்டார் பாருங்கள், மூன்று வாரங்கள்! பழைய ஏற்பாடு நம் கைக்கு மாறாமல் வந்தது எப்படித் தெரியும் என்றார். 1947இல் சவக்கடலுக்கு அருகே கும்ரான் குகைகளில் கிடைக்கத் தொடங்கிய பழங்கால யூத எழுத்துச் சுருள்களான சவக்கடல் சுருள்களைப் பற்றிப் பேசினோம். அங்கே கிடைத்த ஏசாயாச் சுருள், அதுவரை நம்மிடம் இருந்த எபிரெயப் பிரதிகளைவிட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பழையது. ஒப்பிட்டுப் பார்த்தால் எழுத்து வேறுபாடுகள் உண்டு, ஆனால் அது நாம் வாசிக்கும் அதே ஏசாயாதான். யோவான் சுவிசேஷத்தின் சிறு துண்டு ஒன்று மான்செஸ்டர் நூலகத்தில் இருப்பதையும், அறிஞர்கள் பொதுவாக அதை 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கணிப்பதையும் சொன்னோம். இதையெல்லாம் அந்த மாணவருக்காகத் தேடிப் படித்ததில் எங்கள் விசுவாசமும் வேர் பிடித்தது.

அறிவியல் மாணவர்களுக்கென்று தனியாக ஒரு மாலை உரையாடல் வைத்தோம். மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டல் ஒரு துறவி, பிரபஞ்சம் விரிவடைகிறது என்ற கருத்தை 1927இல் எழுதிய லெமெய்த்தர் ஒரு கத்தோலிக்க குரு என்பது பலருக்கும் புதிய செய்தி. விஞ்ஞானி ஒருவர் நம்பினார் என்பதால் விசுவாசம் நிரூபணமாகிவிடாது, அதை நாங்களே எடுத்துச் சொன்னோம். ஆனால் ஜெபிக்கிறவன் சிந்திப்பதை நிறுத்திவிட வேண்டும் என்ற பயம் அன்று சிலருக்குக் குறைந்தது. அன்று எங்களால் பதில் சொல்ல முடியாமல் போனது அறிவியல் கேள்விக்கு அல்ல. "சபைக்குள் சாதியும் சண்டையும் இருக்கும்போது என்னை ஏன் உள்ளே கூப்பிடுகிறீர்கள்?" என்ற கேள்விக்கு. மன்னிப்புக் கேட்பதைத் தவிர வேறு பதில் எங்களிடம் இல்லை. பெரியவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது நம் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆண்டு முகாமின் கடைசி இரவு. மெல்லிய இசை ஒலிக்க, கிறிஸ்துவைப் பின்பற்றத் தீர்மானம் எடுப்பவர்கள் எழுந்து நிற்கும்படி மேடையிலிருந்து திரும்பத் திரும்ப அழைப்பு வந்தது. சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டதால் முதலாண்டு மாணவர் ஒருவரும் எழுந்தார். அந்த எண்ணிக்கையில் அவரையும் சேர்த்து நாம் ஸ்தோத்திரம் சொன்னோம். பத்து நாள் கழித்து அவர் தன் நண்பரிடம், "உட்கார்ந்திருக்க எனக்கு வழியே விடவில்லை" என்று சொல்லியிருக்கிறார். அதன்பின் அவர் வரவில்லை. தலைவரும் நானும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். மரியாதையாகப் பேசினார், மன்னித்தேன் என்றார். திரும்பி வரவில்லை. அவருக்கு அந்த உரிமை உண்டு.

மாற்கு 10ஆம் அதிகாரத்தில், உனக்கு உண்டானவைகளை விற்றுத் தரித்திரருக்குக் கொடுத்துவிட்டு என்னைப் பின்பற்றி வா என்று இயேசு சொன்னதைக் கேட்டு, ஐசுவரியவானாகிய மனிதன் ஒருவன் துக்கத்தோடு திரும்பிப் போகிறான். இயேசு அவனைப் பார்த்து அவனிடத்தில் அன்புகூர்ந்தார் என்று மாற்கு எழுதுகிறார். ஆனாலும் அவனைத் துரத்திக்கொண்டு ஓடவில்லை, நிபந்தனையைக் குறைக்கவும் இல்லை. அன்பு இருக்கிற இடத்தில் விலகிப் போகவும் இடம் இருக்கிறது. செயற்குழு இதை வாசித்து, ஜெபித்து, கூட்டமாக எழுந்து நிற்கச் சொல்வதை நிறுத்துவது என்று தீர்மானித்தது. ஒருவர் கிறிஸ்துவைப் பின்பற்ற விரும்பினால் ஒரு மூத்தவரோடு உட்கார்ந்து பேசட்டும், அவசரமில்லாமல் படிக்கட்டும், வீட்டில் உள்ளவர்களிடம் மறைக்காமல் சொல்லட்டும், ஞானஸ்நானம் ஒரு சபையின் பொறுப்பில் நடக்கட்டும். எண்ணிக்கை குறையும் என்று சிலர் கவலைப்பட்டார்கள். குறையட்டும் என்பதே என் கருத்து.

கிறிஸ்தவ வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டை விட்டு விடுதிக்கு வந்த முதல் சில வாரங்களில் யாரோடு சேர்கிறார்கள் என்பது அந்தப் படிப்புக் காலம் முழுவதையும் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. வேதாகமத்தைப் பெட்டியின் அடியில் வைத்து, மூன்று ஆண்டுகள் வெளியே எடுக்காதவர்களை நான் அறிவேன். நானும் ஒரு காலத்தில் அப்படி இருந்தவன். மூத்த மாணவர் ஒருவர் தினமும் என் அறைக்கு வந்து நலம் விசாரித்தார், ஆறு மாதம் வேறு எதுவும் பேசவில்லை. இன்று இங்கே நிற்பது அதனால்தான். ஆகவே இந்த ஆண்டு போதகர்களிடம், வெளியூர்க் கல்லூரிகளுக்குப் போகும் பிள்ளைகளை அவர்களின் சம்மதத்தோடு நமக்கு அறிமுகப்படுத்தும்படி கேட்டுக் கடிதம் எழுதினோம். சில சபைகள் மட்டுமே பதில் அனுப்பின.

தலைவர்களுக்கான பயிற்சி நாளில், மாணவர் ஊழியத்தின் வரலாற்றையும் பேசினோம். 1806இல் அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரியின் மாணவர் ஐந்து பேர், மழைக்கு ஒரு வைக்கோற்போரின் மறைவில் ஒதுங்கி ஜெபித்தார்கள். அதிலிருந்து வளர்ந்த மிஷனரி அமைப்புத்தான் 1816இல் யாழ்ப்பாணத்தில் பணியைத் தொடங்கியது. 1877இல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் தங்கள் ஐக்கியத்தைத் தொடங்கினார்கள். 1947இல் பத்து நாடுகளின் மாணவர் இயக்கங்கள் ஒன்றுசேர்ந்து உலகளாவிய ஐக்கியமாயின. இந்தக் கதைகளைக் கேட்ட ஒரு பெண் பிள்ளை, "அவர்களும் பரீட்சைக்குப் பயந்தவர்கள்தானே?" என்றார். ஆம், அவர்களும் மாணவர்களே.

பரீட்சை மாதங்களில் கூட்டங்களைப் பாதியாகக் குறைத்தோம். ஆவிக்குரிய வாஞ்சை குறைந்துவிட்டது என்று ஒரு குறை வந்தது. பொறுப்பாகப் படிப்பதும் சாட்சிதான். பெற்றோர் நம்பி அனுப்பிய பிள்ளையைப் பாடத்தில் தோற்கவிட்டு நாம் நற்செய்தி சொல்ல முடியாது.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நம்மிடையே இருந்த முதிய சகோதரர் ஒருவரைக் கர்த்தர் அழைத்துக்கொண்டார். ஒரு கூட்டத்திலும் அவர் மேடை ஏறியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் மாணவர்களின் பெயர்களை எழுதி, விடியற்காலையில் ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிப்பார். படித்து முடித்து வேலைக்குப் போனவர்களின் பெயரையும் அடிக்காமல் வைத்திருந்தார். அடக்கத்துக்கு வந்த பலர் அந்தப் பக்கங்களில் தங்கள் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து அழுதார்கள். முகாமுக்குப் பின் வராமல் போன அந்தத் தம்பியின் பெயரும் அதில் இருக்கிறது. இப்போது அந்த நோட்டை வைத்து அவருடைய மனைவி ஜெபிக்கிறார்.

வரும் பருவத்தில் புதிய வாசிப்புக் குழுக்கள் மூன்றைத் தொடங்க மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள். இரண்டுக்குத்தான் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்றாவது மாணவிகள் விடுதிக்கானது, ஒரு சகோதரி முன்வர வேண்டும். நன்றாகப் பேசத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, வாரம் ஒரு மாலை ஒதுக்கி உட்கார்ந்து கேட்கத் தெரிந்தால் போதும். கூட்டம் முடிந்ததும் என்னைச் சந்திக்கவும்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஏற்புக்காக வைக்கிறேன்.

கிறிஸ்துவின் பணியில்,
செயலாளர்