விடுவிக்கப்பட்ட காணிகளின் மண்ணும் கிணறும்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, காணி உரித்தாளர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாகசபை மாதந்தோறும் கூடியது. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். மரக்கன்று விநியோகம், வீதி விளக்கு பற்றிய கடிதங்கள் கோவையில் உள்ளன, விரும்புவோர் பார்க்கலாம். இராணுவத்தின் சுடுபயிற்சித் திடலாகவும் முகாமாகவும் இருந்து எமது கைக்குத் திரும்பிய காணிகளைப் பயிருக்கும் குடியிருப்புக்கும் ஏற்றதாக்கும் வேலை பற்றியே இந்த அறிக்கை பேசுகிறது.

1990 ஜூனில் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கை விட்டுச் சனம் வெளியேறியது. 2013 ஏப்ரலில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கும் அறிவித்தல் வந்தது. 2015 முதல் காணிகள் துண்டு துண்டாக விடுபட்டு வருகின்றன. காணி விடுபடும்போது கண்ணிவெடி அகற்றப்பட்டதற்கான சான்றிதழ் கிடைக்கிறது. குறித்த எல்லைக்குள், குறித்த ஆழம் வரை, வெடிபொருள் தேடி அகற்றப்பட்டது என்பதற்கே அது சான்று. மண்ணில் ஈயம் உண்டா, எண்ணெய் ஊறியிருக்கிறதா, கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாமா என்பது அதில் இல்லை. ‘சான்றிதழ் வந்துவிட்டது, காணி சுத்தம்’ என்று எம்மில் பலரும் எடுத்துக்கொண்டோம். அது காணிக்குள் கால் வைப்பதற்கான அனுமதி மட்டுமே என்பது நிர்வாகசபையின் நிலைப்பாடு.

சான்றிதழில் முதலில் பார்க்க வேண்டியது ஆழம். மலசலகூடக் குழி, வீட்டு அத்திவாரம், புதுக் கிணறு என்று அதைவிட ஆழமாகத் தோண்டுவதானால், தொடங்குமுன் பிரதேச செயலகத்தினூடாக மறுபரிசோதனை கேட்க வேண்டும். ரைப் 72 வகை மிதிவெடி உள்ளங்கைக்குள் அடங்கும். அதில் உலோகம் மிகச் சொற்பம் என்பதால் உலோகங்காட்டும் கருவியில் ஒலி மெலிதாகத்தான் கேட்கும். ரவைக்கோதும் செல் துண்டும் நிறைந்த மண்ணில் அந்த ஒலி அமுங்கிவிடும். பார வாரி, இலகு வாரி என இரண்டால் மண்ணை அடுக்கடுக்காக வாரி எடுக்கும் முறை இலங்கையில் உருவானதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த முறை மெதுவானது. ‘ஏன் இன்னும் முடியவில்லை’ என்று வேலை செய்பவர்களை அவசரப்படுத்த வேண்டாம்.

பற்றைக்கு நெருப்பு வைப்பதை இவ்வாண்டும் முழுமையாக நிறுத்த முடியவில்லை. இப்பில் இப்பிலும் நாயுண்ணியும் ஆளுயரத்துக்கு நிற்கும்போது தீக்குச்சியே சுலபமாகத் தெரியும். ஆனால் வெடிக்காத ரவையும் கைக்குண்டும் சூட்டில் வெடிக்கும், சாம்பல் மூடிய நிலத்தில் எஞ்சியது கண்ணுக்கும் தெரியாது. கத்தியால் வெட்டி, கொம்பை நீளத் தடியால் இழுத்தெடுப்பதுதான் வழி. பனை தறிப்போரும் கவனிக்க வேண்டும். முகாம் ஓரத்துப் பனைகளில் சன்னமும் செல் துண்டும் மரத்துக்குள்ளேயே புதைந்து கிடக்கின்றன. சங்கிலிவாள் அதில் பட்டால் சங்கிலி அறுந்து முகத்துக்கு வரும். தறிக்குமுன் அடியிலிருந்து எட்டுமட்டும் உலோகங்காட்டும் கருவியால் தடவிப் பாருங்கள். பட்டை கறுத்துத் தழும்பு விழுந்த இடத்தில் வாள் வைக்காதீர்கள்.

இனி மண் அணை. இவ்வாண்டின் மிகப் பெரிய தவறு இங்கேதான் நடந்தது. சூட்டு இலக்குகளுக்குப் பின்னால் சன்னத்தைத் தாங்கி நின்ற அணையை, ஒப்பந்தகாரர் ஒருவர் டோசரால் தள்ளிப் பக்கத்துத் தோட்டங்களில் பரவிவிட்டார். சன்னம் அணை முழுவதும் சமமாகக் கிடப்பதில்லை. ஒவ்வொரு இலக்குக்கும் நேர் பின்னால் ஒரு குழிவில், முதல் ஓரிரு அடிக்குள்தான் பெரும்பகுதி குவிந்திருக்கும். அந்தக் குழிவுகளை மட்டும் வெட்டியெடுத்தால் வேலை சில லோட்டோடு முடியும். பரவிவிட்டால் பத்துப் பரப்பையும் (16 பரப்பு ஓர் ஏக்கர்) அரிக்க வேண்டும். ஒரு பரப்பில் மேல் 15 சென்ரிமீற்றர் மண் ஏறக்குறைய 38 கனமீற்றர், நிறையில் 50 தொன்னுக்கு மேல். அதை ஒரு குடும்பம் அரித்து முடிக்காது.

ஆகவே எஞ்சிய அணைகளுக்கு நிர்வாகசபை தீர்மானித்த ஒழுங்கு இது. வெடிபொருள் பரிசோதனை முடிந்தபின் அணையைச் சுற்றி வேலி அடைக்க வேண்டும். மாசி தொடக்கம் ஆவணிக்குள், மழையில்லாக் காலத்தில் வேலை செய்ய வேண்டும். எமது செம்மண் ஈரத்தில் உருண்டையாகத் திரண்டு, அந்த உருண்டைக்குள் சன்னம் ஒளிந்து அரிதட்டில் தங்கும் கல்லோடு சேர்ந்து போய்விடும். முற்றாகக் காய்ந்தால் ஈயத்தூசி எழும்பும். பூவாளியால் தெளித்து, கையில் பிடித்தால் பொத்தும், விட்டால் உதிரும் பதத்தில் வைக்க வேண்டும். முதலில் 10 மில்லிமீற்றர் வலை, பிறகு 5 மில்லிமீற்றர் வலை. முதல் வலையில் கல்லும் வேரும் சில சன்னங்களும், இரண்டாவதில் மற்றச் சன்னங்களும் நசுங்கிய துண்டுகளும் நிற்கும். காந்தத்தை மட்டும் நம்பக் கூடாது. ரி-56 துப்பாக்கிச் சன்னத்தின் நடுவில் இரும்பு, அதைச் சுற்றி மெல்லிய ஈயம், வெளியே உறை. அது காந்தத்தில் ஒட்டும். முழு ஈயச் சன்னம் ஒட்டாது.

வலையைக் கடந்த மண்ணும் சுத்தமானதல்ல. கண்ணுக்குத் தெரியாத ஈயப்பொடி அதில் இருக்கிறது, அதைச் சோதித்தே திருப்பிப் போட வேண்டும். அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமை குடியிருப்பு மண்ணுக்கு வைத்திருந்த 400 மில்லிகிராம்/கிலோகிராம் என்ற வழிகாட்டு அளவை 2024 ஜனவரியில் 200 ஆகக் குறைத்தது. நாங்களும் 200ஐயே எடுத்துக்கொள்வோம். மாதிரி எடுக்கும்போது ஒரே இடத்தில் ஒரு கை மண் அள்ளினால் பயனில்லை. ஒரு துண்டில் குறைந்தது 30 இடங்களில், ஒரே அளவு கரண்டியால், மேல் 5 சென்ரிமீற்றரிலிருந்து எடுத்துக் கலக்க வேண்டும். ஆய்வுகூடத்துக்குக் கொடுக்குமுன் 2 மில்லிமீற்றரில் அரித்து, சன்னத் துண்டு சேர்ந்து அரைபடாமல் பார்க்க வேண்டும். ஒரு துண்டு அரைபட்டாலும் முடிவு பொய்யாக எகிறும். எக்ஸ் கதிரால் உலோகத்தை அளக்கும் எக்ஸ்.ஆர்.எஃப் கருவியால் இடத்திலேயே பார்ப்பதானால் மண் காய்ந்திருக்க வேண்டும், ஈர மண்ணில் அளவு குறைத்துக் காட்டும். எல்லோரும் அணையைத்தான் பார்க்கிறார்கள். சுடுபவர் நின்ற வரிசையிலும் மாதிரி எடுங்கள். ரவையின் எரியூட்டியிலிருந்து வரும் ஈயமும் எரியாத வெடிமருந்துத் துகளும் அங்கேதான் விழும்.

பொஸ்பேற்று இட்டு ஈயத்தைக் கட்டும் முறை பற்றிப் பலர் கேட்டார்கள். பொஸ்பேற்று ஈயத்தோடு சேர்ந்து எளிதில் கரையாத கனிமமாக மாறுவது உண்மை. எப்பாவல பொஸ்பேற்றும் நாட்டிலேயே உண்டு, ஆனால் அது மெதுவாகக் கரைவது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சன்னத்து ஈயத்தைக் கடினமாக்க அந்திமனி என்ற தனிமத்தைக் கலப்பார்கள். எமது சுண்ண மண்ணில் ஈயம் பெரிதும் நகராது, அந்திமனி நகரும். பொஸ்பேற்று அதை இன்னும் இளக்கிவிடும். கீழே வெடிப்பு நிறைந்த சுண்ணக்கல், அதற்கும் கீழே குடிக்கிற தண்ணீர். குடிநீரில் உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு ஈயத்துக்கு லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம், அந்திமனிக்கு 20. இரண்டையும் சோதிக்காமல் எவரும் பொஸ்பேற்று இடக்கூடாது என்று தீர்மானிக்கப்பட்டது.

அரித்தெடுத்த சன்னத்தை வலைக்கு ஈயக்குண்டு வார்க்கக் கேட்டு வந்தவர்களுக்கு மறுத்தோம். கடற்றொழிலாளருக்கு ஈயத்தின் விலை பாரம் என்பது தெரியும். ஆனால் ஈயம் 327 பாகையில் உருகும், அடுப்படியில் அந்தப் புகையையும் சாம்பலையும் முதலில் சுவாசிப்பது குழந்தைகள். குவியலில் ஒரு வெடிக்காத ரவை கலந்திருந்தால் சட்டி வெடிக்கும். இப்போதைக்கு மூடியிட்ட பீப்பாவில் பூட்டி வைத்திருக்கிறோம். அரிக்கும் இடத்தில் வெற்றிலை போடுவதும் தேநீர் குடிப்பதும் தடை. கை கழுவி, உடுப்பு மாற்றிய பிறகே வீட்டுக்குப் போகவேண்டும். அந்த உடுப்பை மற்ற உடுப்போடு சேர்த்துத் தோய்க்கக் கூடாது.

கிணறுகளுக்கு வருகிறேன். முகாம் கிணறு பலதும் குப்பைக் குழியாகப் பயன்பட்டிருக்கிறது. அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாமல் கயிற்றில் காந்தம் கட்டி இறக்கி இழுப்பது உயிரோடு விளையாடுவது. கிணறு சான்றிதழில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் விண்ணப்பிக்க வேண்டும். இறைக்கும் மெசினைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது. அதன் புகை அடியில் தேங்கி, இறங்கியவரை மயக்கமின்றி மேலே வர விடாது. மெசின் மேலே, குழாய் மட்டும் உள்ளே. ஒரே நாளில் வற்ற இறைப்பதும் கூடாது. எங்கள் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் இருந்தால் கீழே சுமார் 40 அடி இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓர் அடியை இழந்தால் கீழிருந்து உப்பு ஏறிவரும். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று பல நாளாக இறைத்து, ஊற்று ஊறவிட்டு, தெளிந்தபின் மாதிரி எடுக்க வேண்டும்.

உலோகச் சோதனைக்கு ஆய்வுகூடம் தரும், அமிலமிட்ட பிளாஸ்ரிக் போத்தல். துருப்பிடித்த வாளியால் அள்ளினால் வாளியின் உலோகத்தைத்தான் சோதித்ததாகும். வெடிமருந்து எச்சத்துக்குப் பழுப்புக் கண்ணாடிப் போத்தல், ஐஸ் பெட்டியில் வைத்து உடனே ஒப்படைக்க வேண்டும். ரி.என்.ரி என்ற வெடிமருந்து பெரும்பாலும் மேல் மண்ணில் தங்கிச் சிதைந்துபோகும். ஆர்.டி.எக்ஸ் என்ற மற்றொரு வெடிமருந்து மண்ணில் ஒட்டாமல் நீரோடு இறங்கும். அமெரிக்காவின் கேப் கொட்டில் எட்வேட்ஸ் முகாமுக்குக் கீழே அப்படித்தான் இறங்கியது. அங்கும் சனம் நிலத்தடி நீரையே நம்பியிருக்கிறது. 1997இல் அங்கே சூட்டுப்பயிற்சி நிறுத்தப்பட்டது, நீரை இறைத்துச் செயலூக்கிய கரியினூடாக வடித்துத் திருப்பி விடுகிறார்கள். முழுமையாக வெடிக்காமல் பிளந்த குண்டுதான் இதில் அதிகம் கெடுக்கும். அதன் மருந்து கட்டியாகக் கிடந்து ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கரையும். ஆகவே வருடத்தில் இரு தடவை, ஆவணி வறட்சியிலும் கார்த்திகை மழைக்குப் பின்னும் சோதிக்க வேண்டும். ஒரு முடிவு நல்லதாக வந்தது என்பதற்காகக் கிணற்றைத் திறந்துவிட முடியாது.

முடிவு வரும்வரை அணையை ஒட்டிய தோட்டங்களில் கீரை, கரட், பீற்றூட், வெங்காயம் வைக்க வேண்டாம். கீரையில் தூசி படியும், கிழங்கில் மண் ஒட்டும். வாழையும் மாவும் வைக்கலாம். கோழியை அங்கே மேயவிடாதீர்கள், மண்ணைக் கிளறும் கோழியின் முட்டையில் ஈயம் சேரும்.

கண்ணிவெடித் தடை உடன்படிக்கையின்படி இலங்கைக்குரிய காலக்கெடு 2028 ஜூன் 1. அதற்குப் பிறகு அகற்றும் அணிகளும் நிதியும் குறையக்கூடும், அரிக்காத அணையும் இறைக்காத கிணறும் எம் தலையில் விழும். எனவே எஞ்சிய அணைகளையும் முகாம் கிணறுகளையும் வரைபடத்தில் குறித்து, மறுபரிசோதனை விண்ணப்பங்களை இந்தப் பொதுக்கூட்டம் முடிந்த ஒரு மாதத்துக்குள் ஒன்றாகக் கையளிக்க உறுப்பினர்களின் ஒப்புதலைக் கோருகிறேன். காணி உறுதியின் பிரதியும் சான்றிதழின் பிரதியும் தராதவர்கள் இன்றே தந்துவிடுங்கள். வேலிக்குள் போகும் திறப்பு தலைவரிடமும் என்னிடமும் மட்டும் இருக்கும்.

இங்ஙனம்,
செயலாளர்