நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் மாறும் விதி

அன்புள்ள ஆசிரியருக்கு,

இன்னும் சில ஆண்டு ஆட விடுங்கள் என்று அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் போடும் வழக்குகளைப் பணத்தாசை என்று பலர் தள்ளிவிடுகிறார்கள். கல்லூரி நீச்சல் அணியில் இடம் தேடும் ஒரு பெண்ணின் தாயாக எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு சீசன் ஆடலாம் என்பது, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு வகுத்த விதி. அந்த அமைப்பில் சேராத ஜூனியர் கல்லூரியில் (இரண்டாண்டுக் கல்லூரி) ஆடிய ஆண்டுகளையும் அதில் கழித்துவிட்டார்கள். எங்கள் ஊர் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில் குவார்ட்டர்பேக்காக (ஆட்டத்தை வழிநடத்துபவர்) இருந்த டியேகோ பாவியா இதை எதிர்த்து வழக்குப் போட்டார். 2024 டிசம்பரில் நீதிபதி அந்த விதியை அவர்மீது செலுத்த இடைக்காலத் தடை தந்தார், பாவியா 2025 சீசனும் ஆடினார். அவர் கேட்டது நியாயம்தான். சின்னக் கல்லூரியில் தொடங்கியதற்காக ஒரு பையனைத் தண்டிக்கலாமா? ஆனால் என்சிஏஏவின் இரண்டாம் பிரிவுக் கல்லூரியிலிருந்து வந்த விஸ்கான்சின் பல்கலைக்கழக வீரர் ஒருவருக்கு இன்னொரு சீசன் ஆடக் கிடைத்த அனுமதியை, 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

இந்த இழுபறியில் பள்ளிப் பிள்ளைகள்தான் காத்துக் கிடக்கிறார்கள். "மூத்தவர்களில் யார் தங்குகிறார்கள் என்று தெரிந்த பிறகு சொல்கிறேன்" என்று ஒரு பயிற்சியாளர் என் மகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். அப்புறம் பதிலே இல்லை.

ஜூனியர் கல்லூரி ஆண்டுகளை என்சிஏஏ நிரந்தரமாகக் கணக்கிலிருந்து நீக்கட்டும். அதனால் என் மகளுக்கு இடம் குறையலாம், தெரிந்தேதான் சொல்கிறேன். எந்த முடிவானாலும் ஆள் சேர்ப்பு தொடங்கும் முன்பே அறிவிக்கட்டும்.

ஒரு வாசகி,
நாஷ்வில், டென்னசி