ஓய்வுபெறுவோரோடு வெளியேறும் தொழிலறிவு

ஆசிரியருக்கு வணக்கம்.

1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தபின் நூற்பாலைகள் பெருகிய கோவையில், ஓர் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். எங்கள் மூத்த ஃபிட்டர் ஒருவர், ஓடும் இயந்திரத்தில் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கின் உறைமேல் ஸ்குரூ டிரைவர் முனையை வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டே, அது எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். அவருக்குச் சால்வையும் சுவர்க்கடிகாரமும் கொடுத்து (கடிகாரம் நன்றாகவே ஓடுகிறதாம்) வழியனுப்பிய நிர்வாகம், அந்தக் கேள்வியறிவைப் பிறருக்குக் கற்றுத்தர ஒரு நாளும் ஒதுக்கவில்லை. அடுத்த மாதமே பேரிங் இறுகி ரிங் பிரேம் என்னும் நூல் நூற்கும் இயந்திரம் ஒன்று மூன்று நாள் நின்றது.

காற்றில் ஈரப்பதம் குறைந்தால் இழை அறும் என்பது கையேட்டிலேயே இருக்கிறது. எந்தச் சன்னலை எப்போது சாத்த வேண்டும் என்பது அதில் இல்லை. கடைசி நாள் படிவத்தில் இதையெல்லாம் எழுதி வாங்கவும் முடியாது. ஓய்வுக்கு ஓராண்டு முன்பே ஓர் இளைஞரை அதே ஷிப்டில் உடன் சேர்த்து, கண்ட அறிகுறி, செய்த சோதனை, பலிக்காமல் போன முயற்சி உட்பட ஒவ்வொரு பழுதையும் தமிழிலேயே பதிவேட்டில் எழுதச் செய்யலாம். சொல்லிக்கொடுத்தால் தம் மதிப்புக் குறைந்துவிடும் என்று அஞ்சுவோரும் உண்டு. அவர்களுக்குப் பயிற்றுநர் என்ற பெயரையும் அதற்குரிய படித்தொகையையும் நிர்வாகங்கள் தர முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைப் பணியாளர்,
சிங்காநல்லூர், கோவை.