அரை மணி நேரம் எதப் பாத்தேன்னு கேட்டல்ல

அம்மாடி, நல்லபடியா ஊர் வந்து சேந்துட்டேன். ஜெட்லாக் இன்னும் போகல, ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சு உக்காந்து டைப் பண்றேன்.

கலிபோர்னியா யுரேகால, இப்ப தனியார் கிளப்பா இருக்க அந்த கார்சன் மாளிகை முன்னாடி நின்னப்ப மாப்பிள்ளை கிண்டல் பண்ணாருல்ல, கிளப் மெம்பர தவிர யாரையும் உள்ள விடமாட்டாங்க, வெளிய நின்னு என்ன பாக்குறீங்க மாமான்னு. நான் கடைசல் வேலையப் பாத்துட்டு இருந்தேம்மா. அந்த தூண் எல்லாம் நம்ம பட்டறைல கடையணும்னா ஆசாரி ஒரு தூணுக்கே மூணு நாள் கேப்பாரு. தூண், டவர், கூரை ஓரத்து பூ வேலை எல்லாமே மரம், பெரும்பாலும் ரெட்வுட் (நம்ம செம்மரம் இல்ல, அது வேற ஜாதி).

வில்லியம் கார்சன் கனடால இருந்து தங்கம் தேடி வந்து கடைசில மர வியாபாரத்துல எறங்குன ஆளு. அவரோட பார்ட்னர் டால்பீர் தான் 1881ல வெட்டுன மரத்தடி இழுக்க நீராவி எஞ்சின் கண்டுபிடிச்சவரு, அதுவரைக்கும் மாட்டக் கட்டி தான் இழுத்துருக்காங்க. 1884ல ஆரம்பிச்சு 86ல வீட்ட முடிச்சாங்க. விக்டோரியா ராணி காலத்து பாணி, டிசைன் நியூசம்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு. மர வியாபாரம் படுத்திருந்த நேரம், ஆளுங்கள வீட்டுக்கு அனுப்பாம நூறு பேர வச்சு இதக் கட்டுனாருன்னு சொல்றாங்க.

எதுத்தாப்ல இருக்க ரோஸ் கலர் வீடு 1889ல மகன் கல்யாணத்துக்கு சீரா கட்டிக் குடுத்தது. நான் உனக்கு கட்டிலும் பீரோவும் தானே குடுத்தேன்! அந்த பெரிய வீட்ட 1950ல குடும்பத்துக்காரங்க வெறும் 35,000 டாலருக்கு கிளப்புக்கு வித்துட்டாங்க, அது தான் எனக்கு ஆறல.

நம்ம வீட்டு ஊஞ்சல் எப்ப செஞ்சதுன்னு உனக்குத் தெரியாது. நீ ஆறாவது படிக்கறப்ப ஆறு மாசம் ஆர்டரே இல்ல, ரெண்டு ஆசாரியயும் அனுப்ப மனசு வரல, கெடந்த தேக்க எடுத்து செய்யுங்கன்னு சொல்லிட்டேன். சோத்துக்கே லாட்டரி, இதுல ஊஞ்சல் ஒரு கேடான்னு உங்கம்மா ரெண்டு நாள் பேசல. கார்சன் நூறு பேர வச்சுருந்தாரு, நான் ரெண்டு பேரு, அதுலயும் நாலாவது மாசம் சின்ன ஆசாரிய நிறுத்திட்டேன். அவரு கேரளாவுக்கு வேலைக்குப் போயிட்டாரு, நானும் அப்புறம் கூப்பிடல.

பெரிய ஆசாரி நேத்து வந்தாரு, போன்ல இருந்த போட்டோவ காட்டுனேன், தூணு சரியா தெரியலன்னாரு. அடுத்த வாட்டி அந்தப் பக்கம் போனா தூண மட்டும் கிட்டக்க எடுத்து அனுப்பு.

அப்பா