செயலாளரின் ஆண்டறிக்கை: நெவ்-ஷப்பெல் பயணமும் தமிழ்க் கையேடும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத் தீர்மானத்தின்படி, பிரான்சின் பா-த-கலே மாவட்டத்து நெவ்-ஷப்பெல் கிராமத்துக்கு நாம் மேற்கொள்ளும் பயணம், இந்தியப் போர் நினைவிடத்தில் மாலை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறிவிடும் சடங்காக முடியாமல், ஊரையும் சுற்றுப்புறத்தையும் நடந்து பார்க்கும் நிகழ்வாக இவ்வாண்டு அமைந்தது.

கோதுமையும் உருளைக்கிழங்கும் சர்க்கரைப் பீட்ரூட்டும் விளையும் தட்டையான களிமண் பூமி அது. சிறிது தோண்டினாலே நீர் ஊறிவிடுவதால், முதல் உலகப்போரின் 1914-15 குளிர்காலத்தில் அங்கிருந்த படையினர் ஆழமாகக் குழி வெட்ட இயலாமல், மண்மூட்டைகளை அடுக்கி அந்தச் சுவரின் மறைவில் நின்று போரிட்டனர். வயலோர வாய்க்கால்களில் தண்ணீர் விளிம்புவரை நின்றதைக் கண்ட நம்மவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. 1915 மார்ச் 10 முதல் 13 வரை நடந்த சண்டையில் பிரித்தானியருடன் இந்தியப் படையினரும் சேர்ந்து ஜெர்மானியரிடமிருந்து ஊரைக் கைப்பற்றினர், மிஞ்சியவை இடிபாடுகளே. இன்றைய கிராமம் போருக்குப் பின் எழுந்தது.

ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்து 1927 அக்டோபர் 7 அன்று திறக்கப்பட்ட நினைவிடம், கணக்குப்படி பக்கத்து ரிஷ்பூர் ஊரின் எல்லைக்குள் வருகிறது. வட்ட மதிலின் ஒரு பாதி துளைகளுடன் செதுக்கிய கல் சாளரம். மறுபாதியில், கல்லறை அறியப்படாத 4,700க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் படைப்பிரிவு வாரியாக உள்ளன. அசோகத் தூணை ஒத்த 15 மீட்டர் தூணின் இருபுறமும் கல் புலிகள் காவல் இருக்கின்றன. 2023 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த முதல் உலகப்போர் நினைவிடங்களுள் இதுவும் ஒன்று.

மதிலில் பெயர் உள்ளவர்களில் தமிழர் உண்டா என்று உறுப்பினர்கள் ஆண்டுதோறும் கேட்கிறார்கள். பெயரின் ஓசையை மட்டும் வைத்து ஊரும் இனமும் கற்பிப்பது முறையன்று என்பதால், இப்பயணத்துக்கான நம் தமிழ்க் கையேட்டின் முதல் வரைவில் இருந்த அத்தகைய வரிகளைச் செயற்குழு நீக்கியது. பெருமைக்காக எழுதும் பொய் அங்கே கிடப்பவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இதுவரை நாம் திரும்பியும் பாராத, எதிரே சற்றுத் தொலைவில் உள்ள போர்த்துக்கேயக் கல்லறைத் தோட்டத்தில் 1,831 பேர் துயில்கின்றனர். 1918 ஏப்ரல் 9 அன்று ஜெர்மானியர் தொடுத்த தாக்குதலில் போர்த்துக்கேயப் படைக்குப் பேரிழப்பு நேர்ந்த களம் இது. குண்டுவீச்சில் கால்களை இழந்தும் நெவ்-ஷப்பெல்லில் நிலைத்திருந்த இயேசுவின் சிலுவைச் சிலையை, 1958 இல் பிரான்சு போர்த்துக்கலுக்கு அளித்தது. அது இப்போது பட்டால்யா மடாலயத்தில், பெயர் தெரியாப் போர்வீரர் கல்லறை அருகே உள்ளது.

வரவுசெலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: உழவின்போது இன்றும் பழைய குண்டுகள் மேலெழும் நிலம் அது, வரப்பைத் தாண்டி வயலில் இறங்கவோ, கிடக்கும் இரும்பைத் தொடவோ விடாதீர்கள். அடுத்த பயணத்தை மார்ச் 10ஐ ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையில் நடத்தவும், போர்த்துக்கேயக் கல்லறைக்கும் ஒரு மலர்வளையம் கொண்டுசெல்லவும் பொதுக்கூட்டத்தின் ஒப்புதலைக் கோருகிறேன்.

பணிவன்புடன்,
செயலாளர்