ஏரிக்கு முன்னால் கால்வாயைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை சீசன் நெருங்கினாலே உதகை ஏரியைத் தூர்வார வேண்டும் என்ற பேச்சு கிளம்பிவிடும். ஆனால் வேலையைத் தொடங்க வேண்டிய இடம் படகு இல்லம் அல்ல, ஏரியில் வந்து விழும் கோடப்பமந்து கால்வாய்.

கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1823–25 வாக்கில் மலையோடைகளை மறித்து உருவாக்கிய ஏரி இது. அன்று கிழக்கே இன்னும் வெகுதூரம் நீண்டிருந்தது. பேருந்து நிலையமும் பழைய குதிரைப் பந்தய மைதானமும் இருப்பது மேடாக்கப்பட்ட அந்த ஏரிப் படுகையில்தான். கனமழையில் அங்கே தண்ணீர் தேங்கினால் 'திடீர் வெள்ளம்' என்கிறோம். தண்ணீருக்கு அது பழைய இடம்.

கோடப்பமந்து மேட்டிலிருந்து இறங்கும் கால்வாய், சேரிங்கிராஸ் பக்கமாக வந்து, மார்க்கெட், பேருந்து நிலையப் பகுதிகளைத் தாண்டி ஏரியில் விழுகிறது. மேலே சரிவு அதிகம் என்பதால் மண்ணும் மணலும் நிற்காமல் உருண்டு வரும். ஏரியில் சேரும் வாய்ப்பகுதியில் சரிவு முடிந்து வேகம் குறைந்ததும் முதலில் மணல் படியும், பிறகு வண்டல். அந்தத் திட்டில் ஆகாயத்தாமரை பிடித்துக்கொள்கிறது. கழிவுநீர் அதற்கு உரம். ஏரியை மட்டும் தூர்வாரினால் அடுத்த இரண்டு, மூன்று மழைக்காலத்தில் வாய்ப்பகுதி மறுபடி மேடாகிவிடும்.

ஏரிக்குள் நுழையுமுன் ஒரு மண் பிடிப்புத் தொட்டி வேண்டும். அகலத்தைப் போல மூன்று மடங்காவது நீளம் இருந்தால்தான் வண்டல் படிய நேரம் கிடைக்கும். நடுவே சுவர் வைத்து இரண்டு அறையாகப் பிரித்தால், ஒன்றில் தண்ணீர் ஓடும்போதே மற்றதைச் சுத்தம் செய்யலாம். பொக்லைன் இறங்கச் சாய்தளம் அவசியம். அதை மறந்து கட்டினால் தொட்டி ஒரே பருவத்தில் நிரம்பி, வெறும் சிமெண்ட் பள்ளமாகக் கிடக்கும். பாதி நிரம்பியதும் அள்ள வேண்டும். அள்ளிய சேற்றைக் கரையிலேயே குவிப்பதைப் போன்ற வீண் செலவு வேறில்லை. முதல் மழையில் அத்தனையும் திரும்ப உள்ளே போய்விடும்.

குப்பைத் தடுப்புக் கம்பிகளையும் சொல்ல வேண்டும். செங்குத்தாக நிறுத்தினால் இலையும் பாட்டிலும் சீக்கிரம் அடைத்துக்கொண்டு, தண்ணீர் சாலைக்கு ஏறும். ஏறக்குறைய 45 பாகை சாய்வாக, குறுக்குக் கம்பி இல்லாமல் நெட்டுக்கம்பிகளாக இருந்தால், மேலே நின்றபடியே வாரியால் இழுத்துவிடலாம். ஏரி வாயில் பெரிதாக ஒன்று வைப்பதைவிட, மேலே நாலைந்து இடங்களில் சிறிதாக வைப்பதே மேல். சிறுபாலங்களின் வாய்க்குள் குறுக்கே போகும் குடிநீர்க் குழாய்களும் கேபிள்களும் கம்பி வலைக்குச் சமம். முதல் அடைப்பு அங்கேதான். அவற்றை இடம் மாற்றாமல் பாலத்தை அகலப்படுத்திப் பலனில்லை.

கழிவுநீர் எங்கே கலக்கிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை. பிப்ரவரி, மார்ச்சில் மழையில்லாத நாளில் கால்வாயோரம் நடந்தால் போதும். அப்போது ஒரு குழாயில் தண்ணீர் வந்தால் அது மழைநீர் அல்ல. ஊற்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கழிவுநீர். ஊற்று இரவும் பகலும் ஒரே அளவில் தெளிவாக ஓடும். கழிவுநீர் காலை 7 மணி முதல் 9 மணி வரை கூடி, நள்ளிரவில் ஏறக்குறைய நின்றுவிடும். சந்தேகமான கட்டடங்களில் வண்ணப்பொடி கரைத்து ஊற்றி, அந்த நிறம் கால்வாயில் வருகிறதா என்று பார்த்தால் முடிந்தது. பிறகு செய்ய வேண்டியது பாதாள சாக்கடையில் இணைப்பது.

இன்னொன்று: கால்வாயின் தரையை முழுக்க கான்கிரீட் போடச் சொல்வோர் உண்டு. பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் நிலத்து ஊற்று அடைபடும், தண்ணீர் இன்னும் வேகமாகக் கீழே வந்து பேருந்து நிலையத்தையே தாக்கும். பக்கச் சுவர் போதும். அதிலும் கசிவுத் துளை விடாவிட்டால், பின்னால் ஊறிய மண் சுவரைத் தள்ளிச் சாய்த்துவிடும்.

இந்த வேலைகளுக்கெல்லாம் தண்ணீர் குறைவான காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுலா நெரிசலில் டிப்பர் லாரி நகராது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். ஆகவே டெண்டரை டிசம்பருக்குள் முடிக்க வேண்டும்; மார்ச்சில் நிதி ஒதுக்கினால் அந்த ஆண்டுக்கு அது உதவாது.

இப்படிக்கு,
வாசகர், உதகமண்டலம்