போறணை இல்லாத பாண்

யாழ்ப்பாணம்

அன்புள்ள மச்சான்,

உன்ர கடிதம் கிடைச்சு மூண்டு கிழமை. பதில் பிந்தினதுக்குக் காரணம் பாண். சிரிக்காத.

எங்கட சனசமூக நிலையத்தில சனிக்கிழமைகளில பாண் போடப் பழக்கிறன். பன்னிரண்டு பேர் வருகினம், பாதிப்பேர் எங்கட வயசு. பேக்கரியில பாண் சுடுற போறணை எங்களிட்டை இல்லை. இரும்புத் தாச்சிக்குள்ள மணல் பரவி, விறகில சூடாக்கி, உள்ளுக்குத் தட்டை வைச்சு, மூடிக்கு மேல தணல் போடுறம். 2022இல காஸ் இல்லாமல் திண்டாடின சனம், அதால ஒருத்தரும் முகம் சுழிக்கேல்லை.

முதல் நாள் என்ர மானம் போச்சு. வெள்ளைக்காரன்ர குறிப்பைப் பார்த்து, அரைக்கிலோ கோதம்பை மாவுக்கு 7 கிராம் ஈஸ்ட் கொட்டி, ரெண்டு மணித்தியாலம் மூடி வைக்கச் சொன்னன். அது குளிர்நாட்டுக் கணக்கு. எங்கட வெக்கைக்கு முக்கால் மணித்தியாலத்திலயே மா பொங்கிச் சட்டிக்கு வெளியால வந்திட்டுது. அப்பம் சுட்டு விக்கிற அக்கா ஒராள் மணந்து பார்த்திட்டு, "மாஸ்டர், கள்ளுக் கூடின மா மாதிரிக் கிடக்கு, இனி எழும்பாது" எண்டா. அப்பிடியேதான். உள்ளுக்குப் பிசின், மேல கல்லு. அப்ப மாவைக் கள்ளு விட்டுப் புளிக்க வைக்கிறவை, கள்ளில இருக்கிறதும் ஈஸ்ட்தானே. நான் விளங்கப்படுத்த முதலே அவவுக்கு அது கைப்பழக்கம். இப்ப 3 கிராம் ஈஸ்ட், 300 மில்லி தண்ணி, 10 கிராம் உப்பு. மா எழும்பினது காணுமோ எண்டு அவதான் விரலால குத்திப் பார்த்துச் சொல்லுறா.

போன சனிக்கிழமை வந்த பாணை அடியில தட்ட, வெறுங்குடம் மாதிரிச் சத்தம். ஆறமுதல் வெட்டாதேங்கோ எண்டு கத்தினன், ஆர் கேட்டது? சம்பலோட பிய்ச்சே முடிச்சிட்டினம். 1974இல நீயும் நானும் விடியப்புறம் பாண் வரிசையில நிண்டு, வீட்டை வாறதுக்கிடையில மூலையைக் கிள்ளித் திண்டு அடி வாங்கினம். அவையளைப் பேச எனக்கென்ன யோக்கியதை?

அளவுதான் இப்ப சண்டை. ஒராள் தேத்தண்ணிக் கோப்பையால அளக்கிறா, இன்னொராள் பால்மாப் பேணியால. நல்லூர்த் திருவிழாவுக்கு வரேக்க ரெண்டு சின்ன டிஜிட்டல் தராசு கொண்டு வா. சொக்லேட் வேண்டாம், இஞ்ச எல்லாருக்கும் சீனி வருத்தம்.

வீட்டில எல்லாருக்கும் அன்பு.

உன்ர பழைய வாங்குத் தோழன்